‘பாப்பம்’ சொல்லும் பக்கம்

உலக நாகரிகத்துக்கு வவுனியா வழங்கிய மாபெரும் கொடை ‘அடுக்கு நிபந்தனை’ என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வரலாற்றுக்குத்தான் வெட்கம். 2004இல் அதை எழுதிய பெருமகன் அடியேன்.

எங்கள் மீள்குடியேற்றத் தகவல் நிலையத்துக்கு ஒரு விக்கி இருந்தது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற வகை இணையத்தளம். தூர்ந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் மிசின் யாருக்குக் கிடைக்கும் என்று அதில் ஒரு பக்கம். பெயரைத் தட்டினால் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று காட்ட வேண்டும். அற்ப வேலை. அதை அற்பமாகவே முடித்துவிட நாங்கள் என்ன சாமானியர்களா?

பணிப்பாளர் மயில்வாகனம் கூட்டம் கூட்டினார். டீசல் இருந்தால் மட்டும் என்றார். கள அலுவலர் விமலேஸ்வரி மிஸ், பாதையில் மிதிவெடி அகற்றியிருந்தால் மட்டும் என்றார். கணக்காளர் அப்புத்துரை, கிணறு பாவனையில், அதாவது பயன்பாட்டில், இருந்தால் மட்டும் என்றார். ஒருவர் மனமும் நோகக்கூடாதே. ஒருவர் நிபந்தனையின் வயிற்றுக்குள் மற்றவர் நிபந்தனையை வைத்தேன். பதவிப்படி பணிப்பாளருடையது வெளியே. விக்கிக்கு இது விளங்கவில்லை. அதன் மென்பொருளையே பிரித்து, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியைப் புரிந்துகொள்ளப் பழக்கினேன். மூன்று மாதம் பிடித்தது. அடடா, என்ன ஆனந்தம்!

நிபந்தனை பொருந்தாதவருக்கு ‘இல்லை’ என்று காட்டுவதா? வாசலுக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் எங்கள் அலுவலகத்திலேயே கிடையாது. எல்லா இடத்திலும், ‘பார்ப்போம்’ என்பதை எங்கள் பேச்சில் ‘பாப்பம்’ என்று எழுதினேன். கூட்டம் கைதட்டியது.

முதல் ‘பயனாளி’ ஜொஹறா அக்கா. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு முள்ளியவளைக்குத் திரும்பியவர். வளவுக் கிணறு குப்பையால் மூடிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளைப் புத்தளத்திலிருந்து கூட்டிவர முடியாது. பஸ் மாறி மாறி வந்திருந்தார். பெயரைத் தட்டினேன். ‘பாப்பம்’ என்றது திரை.

“தம்பி, மிசின் அந்தா முத்தத்தில நிக்குது.”

நிற்பது வேறு, கிடைப்பது வேறு என்று பணிவோடு விளக்கினேன். கிணறு பாவனையில் இருந்தால்தான் துப்புரவாக்கலாம்.

“துப்பரவாக்கினாத்தானே தம்பி பாவிக்கலாம்?”

“பாப்பம், அக்கா.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். மூலையில் இருந்த ‘திருத்து’ என்ற பொத்தான் எதற்கு என்று கேட்டார். அதுதான் விக்கியின் தத்துவம், ஆரும் திருத்தலாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் என் மூன்று மாதத்தையும் அழித்தார். ‘ஓம்’ என்று எழுதிச் சேமித்தார்.

திரையில் ‘ஓம்’ வந்துவிட்டதைக் கண்ட சாரதி பழனியாண்டி, மிசினைப் பிக்கப்பில் ஏற்றிப் புறப்பட்டே விட்டார். பணிப்பாளர் செருப்பும் போடாமல் ஓடி வாசலில் மறித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழிந்தது என் காவியமல்லவா?

அவசரக் கூட்டம். இனி வெளியார் யாரும் தொடாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டு என்றார்கள். டீசல் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதையைப் பற்றிப் பேச்சே இல்லை. தேநீர் ஆறுவதற்குள் பூட்டிவிட்டேன். மிசினை இறக்கி முற்றத்திலேயே வைத்தார்கள். ஜொஹறா அக்கா வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

எங்கள் நிலையம் ஒரு நிபந்தனையும் இல்லாமல் செய்து முடித்த ஒரே வேலை, அந்தப் பக்கத்தைப் பூட்டியதுதான்.