பெக்கட் நானாவின் வரிசை

மாத்தளை மாவட்டத்திலேயே எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒரே மனிதர் பெக்கட் நானாதான். நான் உட்பட மற்றவர்கள் எல்லோரும் சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டு உறவினர்களுக்குக் கலியாணங்களை நேரலையாக அனுப்புவது அவர் தொழில். நான் அவருடைய கெமராக்காரன். படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து அனுப்பும் புரோகிராம் ஒன்றை அவரே எழுதியிருந்தார். அடியில் சத்தம், அதன்மேல் மங்கலான முகம், அதற்கும் மேல் தெளிவு, உச்சியில் பூ, லைட் என்று சோடனைகளின் கலர். ஒவ்வோர் அடுக்கும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும்; அந்தத் துண்டுதான் பெக்கட். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அப்படித்தான் அவர் பெக்கட் நானா ஆனார். சிக்னல் குறைந்தால் மேலடுக்குகளை வெட்டிவிட்டு, அடியடுக்கில் தொலைந்த துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

மனிதர் பேசுவதும் அப்படித்தான். ஒருநாள் என் அப்பாவைத் துணைக்கு லக்கலைக்கு அழைத்துப் போனவர், அங்கிருந்து போன் எடுத்தார். “ஒங்கப்பா உசுரோட இருக்காரு” என்றார். லைன் கட்டானது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது. கால் மணி நேரம் கழித்து, வழுக்கி விழுந்தார், கால் சுளுக்கு என்ற அடுத்த அடுக்கு வந்தது. அப்பா பிளேன்டீ குடிக்கிறார் என்ற செய்தி வந்து சேர்ந்தபோது, அவர் வீட்டுக்கே வந்து இரண்டாவது பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

சண்டைக்குப் போனேன். நானா திருப்பிக் கேட்டார்.

“மொதல்ல ‘விழுந்துட்டாரு’ன்னு சொல்லி லைன் கட்டாகியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?”

அடுத்த கலியாணத்துக்குக் கெமராவைத் துடைக்கப் போனேன்.

பிறகு ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் ஒரு கலியாணம். பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். லீவு கிடைக்கவில்லை, அரை மணி நேரம் போனில் பார்க்க மட்டும் எசமானி விட்டிருந்தாள். அம்மா காதில் விழாமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். அந்த நேரம் பார்த்துக் காற்றும் மழையும் பிடிக்க, சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்தது.

நானா கலரை வெட்டினார். சோடனைக்குச் செலவழித்த பெண்ணின் மாமா பாய்ந்து வந்தார். தெளிவை வெட்டினார். மாப்பிள்ளை சாம்பல் பூத்த நீத்துப்பூசணிக்காய் மாதிரி ஆனார். கடைசியில் படமே போனது. மாமா நானாவின் சட்டையைப் பிடித்தார். அவரையும் இழுத்துக்கொண்டே, மைக்கோடு முழங்காலில் தவழ்ந்து நானா பெண்ணருகே போனார். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இப்ப சொல்லுங்க மகள். ஒங்கம்மாவுக்கு கேக்கும்.”

பெண் சொன்னாள். அந்தத் துண்டு இரண்டு தடவை தொலைந்தது. மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தது.

“கேட்டுச்சும்மா... கேட்டுச்சு” என்று குவைத்திலிருந்து வந்த அழுகை கோயில் முழுக்கக் கேட்டது. மாமா சட்டையை விட்டார். நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மனிதரைப் பார்த்து எவ்வளவோ சிரித்திருக்கிறேன். ஆனால் என் மகளின் கலியாணத்தன்று நான் எந்த நாட்டில் இருந்தாலும், அவள் பக்கத்தில் அவர் முழங்காலில் இருக்க வேண்டும்.