காப்பி கிடைக்காத நினைவில்லம்

ஆள் இருக்கிற வீட்டில் உபசாரம் போதவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆளே இல்லாத வீட்டுக்குப் போய் அதே சண்டையைப் போட்டவர் பூலோகத்திலேயே பிளாஸ்க் மாமா ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில், பழவங்காடி லாட்ஜில் எனக்கு அடுத்த அறை அவருக்கு. தந்தி ஆபீஸ் குமாஸ்தா, தனிக்கட்டை. அவர் கதவைத் தட்டியவர் யாரானாலும் பிளாஸ்க் காப்பி குடிக்காமல் திரும்ப முடியாது. அப்பேர்ப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நினைவில்லமாக மாற்றியிருந்த ஒரு பிரபல எழுத்தாளரின் வீட்டுக்குத் தெரியாத்தனமாக அழைத்துப் போய்விட்டேன்.

எழுத்தாளரின் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மாமா கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டார். நாகர்கோவில்காரரான காவலாளி ஓடி வந்தார்.

"இதுல இரிக்கப்பிடாது அய்யா. போர்டு போட்டிருக்குல்லா?"

"ஆத்துக்கு வந்தவாளை உக்காரச் சொல்லாண்டாமா? அது போட்டும், தொண்டை வறள்றது. ஒரு வாய் தூத்தம் உண்டா?"

"குடிக்க ஒண்ணும் கிடையாது அய்யா."

"பின்னே இது என்ன வீடு? அந்த மனுஷன் இருக்கச்சே வந்தவாளை இப்படியா வெரட்டினார்?"

அடுத்த ஞாயிறு முதல் மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் பெரிய பிளாஸ்கோடு நின்றார். "வாங்கோ, வெயில்லே வந்திருக்கேள்" என்று ஒருவர் விடாமல் காப்பி ஊற்றினார். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இறங்கிய ஒரு கூட்டம் காப்பியை மட்டும் குடித்துவிட்டு வண்டி ஏறியது. ஓர் ஆசிரியை அவரை எழுத்தாளரின் தம்பி என்றே நினைத்து ஆட்டோகிராப் கேட்க, மாமாவும் கூசாமல் போட்டுக் கொடுத்தார்.

விஷயம் நினைவில்லத்து மேலதிகாரியின் காதுக்குப் போனது. வந்தார். தரையில் கறை படிகிறதாம். மாமா இனி கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். உத்தரத்தைக் கரையான் தின்பது கண்ணில் படாதவருக்குக் காப்பிச் சொட்டு மட்டும் எப்படிப் பட்டதோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தாகத்துக்குக் குடுக்கறது தப்பா சார்?" என்று எகிறினேன்.

இது வீடு இல்லை, நினைவுச்சின்னம் என்று அவர் மலையாளத்தில் விளக்கினார்.

"வீடில்லேன்னா வாசல்லே எதுக்கு அவரோட வீடுன்னு எழுதி வச்சிருக்கேள்? அழிச்சுடுங்கோ," என்றார் மாமா.

கேட்டைச் சாத்திவிட்டார்கள். கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமா பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தார். "பாதிப் பிளாஸ்க் மிச்சம் இருக்கு. இன்னிக்கு வந்தவாள்லாம் வெறும் வாயோட போயிண்டிருப்பா," என்றார்.

இப்போதும் திருவனந்தபுரம் போனால் அந்த வீட்டுப் பக்கம் போகிறேன். பெரிய எழுத்தாளர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே என் கண் தேடுவது அவரை இல்லை.