ஏழு கிலோ நிம்மதி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். சௌக்கியம் என்பதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. நேற்று முன்தினம் பதினொன்றே கால் மணி முதல் பன்னிரண்டு பத்து வரை அது சந்தேகமாகத்தான் இருந்தது. தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் அங்கே எந்தக் குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்பி மேலே தொடர்கிறேன்.

போன மாதம் தாங்கள் தொலைபேசியில், "அத்தான், உங்க கோவத்துல அக்கா பாதியா எளைச்சுட்டா. ஒரு மாசம் பாப்பேன். நீங்க மாறலைன்னா பதினஞ்சாம் தேதி நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னீர்கள். பாதியாக இளைத்தாள் என்பது தவறான தகவல். போன வருடம் ஐம்பத்தாறு கிலோ, இப்போது ஐம்பத்தைந்து. முப்பத்து மூன்று வருடம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவனிடம் எடையைப் பற்றி யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. ஆனால் தாங்கள் சொன்ன மற்ற எல்லாம் சரி. ஓய்வு பெற்ற பிறகும் என் தோள் பையில் ஒரு கிலோ எடைக்கல் இருப்பதும், காய்கறிக் கடையில் அதை எடுத்துத் தட்டில் வைத்துச் சண்டை போடுவதும், டாக்டர் வீட்டு எடை மெஷின் முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று நான் கத்திய கத்தலில் டாக்டர் என் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே கதவைச் சாத்தியதும், உப்பைக் கையால் அள்ளிப் போடாதே, கரண்டியால் போடு என்று உங்கள் அக்காவைத் தினமும் மூன்று வேளை விரட்டுவதும் உண்மை. தாங்கள் ஃபோனை வைத்த அன்று அவள் அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி துடைத்தாள். தம்பி, அந்தத் துணியின் சத்தம் அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

அதனால்தான் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் தையல்கடை, இரண்டாம் மாடியில் பல் டாக்டர், மூன்றாம் மாடியில் 'இயற்கை விதியும் மன நிம்மதியும்' என்று பலகை. நடத்துகிறவர் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை நிம்மதி ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துணைக்கு உங்கள் அக்காவும் வந்தாள். நான் பாதியில் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்ள வந்தாள் என்பதுதான் சரி.

ஐயா நன்றாகத்தான் பேசுவார். "நாம பயப்படறது தெரியாததைப் பாத்துத்தான். விதி தெரிஞ்சுட்டா பயம் போயிடும். பயம் போனதுக்கப்புறம் உள்ள மிச்சம் இருக்குதே ஒண்ணு, அதுக்குத்தான் பெரியவங்க கடவுள்னு பேர் வெச்சாங்க" என்பார். ஒரு நாள் கரும்பலகையில் லிஃப்ட் படம் போட்டார். இந்தப் பக்கம் நாம் நிற்கிற கூண்டு, மேலே உருளை, அந்தப் பக்கம் கயிற்றில் தொங்கும் எதிர் எடை. கூண்டின் எடையோடு, ஏறக்கூடிய ஆட்களின் எடையில் பாதியைச் சேர்த்தால் எதிர் எடை. "கண்ணுக்குத் தெரியாம ஒரு எடை உங்களைத் தாங்கிட்டே இருக்கு. அதை நம்பித்தான் நிம்மதியா நிக்கறீங்க" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தராசல்லவா இது! ஆனால் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் எல்லாம் போய்விடும். சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடுவது காதில் விழும். ஒரு நாள் எல்லோரும் தியானத்தில் இருக்கும்போது நாற்காலி போட்டு ஏறி அதைச் சரிசெய்தேன். நாலு நிமிடம் பின்தங்கியிருந்தது. கண்ணைத் திறந்த பன்னிரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். உங்கள் அக்கா தரையைப் பார்த்தாள்.

இப்போது நேற்று முன்தினத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து லிஃப்டில் ஏறினோம். ஐயா படிக்கட்டுப் பக்கம் போனார். உங்கள் அக்காதான் மரியாதைக்கு, "வாங்கய்யா, இடம் இருக்கு" என்று கூப்பிட்டாள். ஒரு கணம் தயங்கி உள்ளே வந்தார். இரண்டாம் மாடியில், பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் வாயில் பஞ்சோடு ஏறினார். வாட்டசாட்டமான ஆள், பல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியது, லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது, நாலடி கூடப் போயிருக்காது, ஒரு குலுக்கல், விளக்கு அணைந்து மூலையில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது, நின்றுவிட்டது.

நான் உடனே என் வழக்கப்படி கத்தினேன். கட்டடக்காரனை, லிஃப்ட் போட்டவனை, அவனுக்கு அனுமதி கொடுத்தவனை, யாரையும் விடவில்லை. கீழேயிருந்து காவலாளியின் குரல், "சார், மெக்கானிக்கைக் கூப்ட்டாச்சு, அரைமணி நேரத்துல வந்துடுவாரு, எதையும் தொடாதீங்க" என்றது. அதே நேரம் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்து, லிஃப்ட் தானாக ஒரு சாண் இறங்கி நின்றது. உங்கள் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி, அப்போது நிம்மதி ஐயா போட்ட சத்தத்தை நான் என் வேலைக்காலத்தில் சீல் வைத்த கடைகளில்கூடக் கேட்டதில்லை. "கயிறு அறுந்துடுச்சு! கயிறு அறுந்துடுச்சு! எனக்கு மூச்சு முட்டுது!" என்று கதவைப் பிடித்து இழுத்தார். உள்கதவும் அதோடு சேர்ந்து வெளிக்கதவும் விலகின. பார்த்தால் முக்கால்வாசி சுவர். உச்சியில் மட்டும் ஒன்றரை முழத்துக்கு இடைவெளி, அதன் வழியே இரண்டாம் மாடித் தரையும் யாருடைய செருப்போ ஒரு ஜோடியும் தெரிந்தன. ஐயா, பல்காரர் குனிந்திருந்த நேரம் பார்த்து அவர் முதுகில் கால் வைத்து ஏறிவிட்டார். தலை வெளியே, தோள் வெளியே, வயிறு இடைவெளியில், கால் இரண்டும் என் மூக்குக்கு நேரே. அந்த வயதில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. தட்டு ஆடி அடங்குகிற வரைக்கும் அதன்மேல் கை வைக்கக் கூடாது. தொழிலில் முதல் நாள் கற்றுக்கொண்டது அது. இந்தக் கூண்டு இன்னும் அடங்கவில்லை. இன்னொரு சாண் இறங்கினால், கூண்டின் கூரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் அந்த மனிதர் என்ன ஆவார்? "ஐயா, இறங்குங்க!" என்றேன். "விடுய்யா என்னை!" என்று உதைத்தார். உதை என் தாடையில் விழுந்தது. நான் இரண்டு காலையும் மார்போடு கட்டிக்கொண்டேன். குருவின் பாதத்தை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்த சீடன் வேறு யாரும் இருக்க முடியாது. "நீங்களும் பிடிங்க!" என்று உங்கள் அக்கா பல்காரரைப் பார்த்துக் கத்தினாள். அவர் ஐயாவின் இடுப்பைப் பிடித்து ஒரே இழு. மூன்று பேரும் தரையில் விழுந்தோம்.

விழுந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி 'ஸ்ஸ்'. லிஃப்ட் ஒரு முழத்துக்கும் மேலேயே இறங்கியது. ஒன்றரை முழ இடைவெளி நாலு விரல்கடை ஆயிற்று. அந்தச் செருப்பு மறைந்துபோனது.

பல்காரர் வாயிலிருந்த பஞ்சு தரையில் கிடந்தது. ஐயா அந்த நாலு விரல்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "நான் லிஃப்டுல ஏறி இருபது வருஷம் ஆச்சு. தினமும் மூணு மாடியும் நடந்துதான் வர்றேன். எனக்குப் பயம். சொன்னா யார் வகுப்புக்கு வருவாங்க?" என்றார்.

அப்போதுதான் தம்பி, அது நடந்தது. எனக்குக் கோபம் வர வேண்டும். முப்பது நாள் எங்களை ஏமாற்றியிருக்கிறார். வரவில்லை. கரும்பலகைப் படம்தான் கண்ணுக்குள் வந்தது. "ஐயா, நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? அந்தப் பக்கம் எடை தொங்குது. அது நம்மைத் தாங்குது. இந்த ஆட்டம் தட்டு சமனுக்கு வர்ற ஆட்டம். விழ மாட்டோம். வேணும்னா கணக்கு போட்டுப் பாத்துடலாம்" என்றேன். கண்ணாடியை வகுப்பிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால், சுவரிலிருந்த தகட்டை உங்கள் அக்காவைப் படிக்கச் சொன்னேன். "எட்டு பேர், ஐந்நூத்தி நாப்பத்தி நாலு கிலோ" என்று படித்தாள். பாதி இருநூற்று எழுபத்திரண்டு. பிறகு ஒவ்வொருவர் எடையாகக் கேட்டேன். நான் அறுபத்து நாலு. உங்கள் அக்கா, "இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று கேட்டுவிட்டு, ஐம்பத்தைந்து என்றாள். பல்காரருக்கு வாய் மரத்துப் போயிருந்ததால் எட்டு விரலை இரண்டு தடவை காட்டினார், எண்பத்தெட்டு. ஐயா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐம்பத்தெட்டு" என்றார். மொத்தம் இருநூற்று அறுபத்தைந்து. "பாத்தீங்களா, நாம ஏழு கிலோ குறைவு. பிரேக்கை எடுத்துவிட்டா மேலதான் போவோம். கீழ விழவே முடியாது!" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகு எனக்குள் ஏற்பட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடமும், நான் ஒருவன் கண் கொத்திப் பாம்பாக நின்று பார்க்காவிட்டால் உலகத்துத் தராசு எல்லாம் சாய்ந்துவிடும் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் அப்படியே. அந்த இருட்டுக் கூண்டில், நான் கத்தினாலும் கத்தாவிட்டாலும், முத்திரை குத்தினாலும் குத்தாவிட்டாலும், ஏதோ ஒன்று தன் பாட்டுக்கு எங்களைச் சமன் செய்து பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேற்பார்வைக்கு ஆள் தேவையில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. உங்கள் அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஐயாவிடம், "கண்ணை மூடுங்கய்யா. மூச்சை எண்ணலாம். நான் எண்ணுறேன், நீங்க விடுங்க" என்றாள். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ண, நாலு பேரும் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை 'ஸ்ஸ்' வந்தது, இரண்டு தடவை இறங்கியது. ஒருத்தர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

மெக்கானிக் வந்து ஏதோ திருகினார். லிஃப்ட் பூ மாதிரி இறங்கிக் கீழ்த்தளத்தில் நின்றது. மேலே போக வேண்டியது கீழே இறங்கியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். யாரோ எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு கிலோவுக்கு மேல் மறைத்திருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும், ஐயாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தபோதே பல்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. இதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும். கேட்கவே இல்லை! வீட்டுக்கு வந்து உப்பைப் பற்றியும் பேசவில்லை. நேற்றுக் காய்கறிக்காரர் கால் கிலோவில் இருபது கிராம் குறைத்தார், நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர் பயந்துபோய் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். ஆகவே தாங்கள் பதினைந்தாம் தேதி தாராளமாக வரலாம், தங்கலாம், தனியாகத் திரும்பிப் போகலாம். இயற்கையின் விதியைக் கண்கூடாக அறிந்து அமைதியடைந்த ஒருவனின் வீட்டில் உங்கள் அக்காவுக்கு இனி ஒரு குறையும் வராது.

தங்கள் இல்லத்தில் அனைவரும் நல்ல தூக்கமும் அளவான எடையும் பெற்று நீண்ட நாள் வாழ மனமார ஆசீர்வதிக்கும்,

தங்கள் அத்தான்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன், கண்ணாடியை எடுக்க அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்தார். "தம்பி, எதிர் எடையை ஒரு தடவை சோதிச்சுடுங்க, கணக்குல சின்ன வித்தியாசம் வருது" என்றேன். "எந்த எதிர் எடை சார்?" என்றார். "இதுல அதெல்லாம் கிடையாது. கயிறும் கிடையாது. அடியில ஒரு தண்டு இருக்கு, எண்ணெய் அழுத்தத்துல ஏறி இறங்குது. குழாய் விரிசல் விட்டு எண்ணெய் கசிஞ்சிருக்கு. அதான் உங்களைச் சாண் சாணா இறக்கியிருக்கு. எண்ணெயைத் தடுக்குற அடைப்பான் மட்டும் பிடிக்கலைன்னா மொத்தமா இறங்கியிருப்பீங்க. தகட்டுலயே எழுதியிருக்கே, பாக்கலையா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எட்டு பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ. அதற்குக் கீழ் வரியில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "கீழ் வரியை நீ படிக்கலையா?" என்று உங்கள் அக்காவைக் கேட்டேன், கத்தித்தான் கேட்டேன், மறைக்கவில்லை. அவள் உப்பைக் கையால் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "படிச்சேனே. சொல்லலாம்னு திரும்புனேன், உங்க மூஞ்சியைப் பாத்தேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல அப்படி ஒரு மூஞ்சியை நான் பாத்ததே இல்ல. எனக்கும் பயம் போயிடுச்சு. எண்ணெயா கயிறான்னு வெளிய போய்ப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."