சோழர் காலத்தில் செருப்பைக் கழற்றினார் என் மாமனார்

வரலாற்றைத் தேதிவாரியாகப் படிக்கலாம், நடக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாமல் இருந்தது எழுபதுகளின் நடுவில். (சரியான தேதி என்னிடம் இருக்கிறது. அச்சில் போடக் கூடாதென்பது வீட்டு உத்தரவு.)

அப்போது நான் செங்கல்பட்டில் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் வரலாற்று ஆராய்ச்சியாளன். (என்னைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.) புதுப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்த ஏகாம்பரத்தின் மகள் கஸ்தூரியைப் பெண் பார்த்திருந்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள்தான் பதில் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்து, மாமல்லபுரத்தின் மூன்று காட்சிக்கூடங்களையும் ஒரே ஒரு நாள் இரவு பத்து மணி வரை திறந்து வைக்கப்போவதாக அறிவித்தார்கள். என் அறிவைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுவது என்று தீர்மானித்து, அப்பா, அம்மா, மகள் மூவரையும் வரவழைத்தேன்.

மற்றவர்கள் ஒரு கூடத்தை முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். நான் விடவில்லை. "காலவரிசைப்படி பார்த்தாத்தான் புரியும்" என்றேன்.

முதுமக்கள் தாழி கடற்கரைக் கூடத்தில் இருந்தது. பல்லவர் சிற்பங்கள் பஸ் நிலையத்தருகே. சோழர் காசுகள் கலங்கரை விளக்கத்துப் பக்கம். விஜயநகர விளக்குகளுக்கு மறுபடியும் கடற்கரை. டச்சுக்காரன் பீங்கானுக்கு மறுபடியும் பஸ் நிலையம்.

மாப்பிள்ளையாக வரக்கூடியவன் சொல்லைத் தட்டக் கூடாது என்று நினைக்கும் மனிதர் ஏகாம்பரம். அதற்காகவே புதுச் செருப்பு வேறு போட்டு வந்திருந்தார். பல்லவர் காலத்தில் அது கடிக்கத் தொடங்கியது. சோழர் காலத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். விஜயநகரத்தில் அவர் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இந்த வெளக்கு அந்தத் தாழி பக்கத்துலதானே கீது? அப்பவே பாத்திருக்கலாமே?" என்றார் ஏகாம்பரம்.

"நடுவுல எத்தனையோ நூற்றாண்டு இருக்கே, மாமா!"

"இருந்துட்டுப் போவட்டும். எனக்குக் காலு ரெண்டுதானே கீது?"

பஸ் நிலையக் கூடத்துக் காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், எதுனா வுட்டுட்டுப் போயிட்டியா?"

"பதினேழாம் நூற்றாண்டை" என்றேன் கம்பீரமாக.

"உள்ளதான் இருக்கும், போய்ப் பாரு சார். அத்தெல்லாம் இங்க யாரும் எடுக்க மாட்டாங்க."

அடுத்து வெள்ளைக்காரன். அவன் காட்சிப்பொருள்கள் கலங்கரை விளக்கத்துப் பக்கம். இவர்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. சாப்பாட்டுக் கடைகளும் சாத்தியிருந்தன. கடைசி பஸ்ஸும் போயிருந்தது.

பஸ் நிலையத்து பெஞ்சில், கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார். "தம்பி, நீங்க நல்ல மாதிரிதான். ஆனா இந்தச் சம்பந்தம் வேணாம். உப்பு வாங்கியாரச் சொன்னாகூட அசோகர்லேர்ந்து ஆரம்பிப்பீங்க."

நான் கெஞ்சியிருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "காலையில திறந்துடுவாங்க, மாமா. வெள்ளைக்காரனையும் பார்த்துட்டே போயிடலாம்."

அதுவரை வாயே திறக்காத கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நைனா, பேஜாரு புடிச்ச ஆளுதான். ஆனா கையில எடுத்ததைப் பாதியில வுட்டுட்டு ஓடமாட்டாரு. எனக்குச் சம்மதம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லிட்டேன். இனிமே எங்க போனாலும் வழி நான்தான் சொல்வேன்."

ஏகாம்பரத்தின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

இன்றும் வழி அவள்தான் சொல்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் கால் வலிக்கிறது என்று சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள்கூட "சோழர் வந்துட்டாரு" என்பார்கள். உடனே உட்கார இடம் தேட வேண்டும். போன வாரம் மாலை நடையில் கஸ்தூரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளைக்காரன் வந்துட்டான்" என்றாள். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். சுதந்திரம் வரை பொறுத்துக்கொள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இப்போது இல்லை.