ஓடும் பஸ்ஸில் ஓர் ஆண்டுக் கூட்டம்

சேசு மரி சூசை துணை

கோலசிலாங்கூர், 1952

சுங்கை சோவில் மாமியார் வீட்டுக் கட்டிலில் எழுந்தருளியிருப்பவரும், மூன்று ராஜாக்கள் மோட்டார் கம்பெனியின் காரியதரிசியும், என் அக்காள் பெற்ற ஒரே ரத்தினமுமான ராஃபேலுக்கு, உன் தாய்மாமன் அம்புரோஸ் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் கம்பெனி பஸ்ஸும் சுகம். உன் சுகத்தை அறிய எனக்கு இப்போது ஆவல் இல்லை.

மூன்று வருடமாக நீ ஆண்டுக் கணக்கறிக்கை அனுப்பவில்லையாம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் கம்பெனியின் பெயரையே அடித்துவிடுவதாக ரிஜிஸ்திரார் எழுதியிருக்கிறார். பெயர் போனால் பஸ் போகும். பஸ்ஸோடு நம் பங்குக்காரி மாடில்டா போட்ட முந்நூறு வெள்ளியும் போகும். அவள் புருஷன் மரம் விழுந்து செத்ததற்குத் தோட்டத்துத் துரை கொடுத்த பணமடா அது! உன்னைக் கேட்டால், "அவசரகாலம் மாமா, கம்யூனிஸ்ட்காரன் பஸ்ஸைக் கொளுத்திட்டான், லாபம் எங்க?" என்பாய். ஒரே பஸ்ஸை மூன்று தடவை கொளுத்தியவன் ஒரு தடவையாவது பெயிண்டைக் கருக்கியிருக்கக் கூடாதா? போன ஈஸ்டருக்கு இரண்டு புது டயரை மட்டும் தனியாக எடுத்து எரித்தானாம். அத்தனை நாசூக்கான கொள்ளைக்காரன் ஈரேழு லோகத்திலும் கிடையாது. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிகூடத் தராசை நம் கண்ணெதிரே பிடிக்கிறான். சாமியார் திருவிழாக் கணக்கு வாசித்தால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு வரைக்கும் வாசிக்கிறார். ஊரார் காசில் பஸ் விடுகிற நீ வருடத்துக்கு ஒருமுறை வாய் திறந்தால் பல்லா கொட்டிவிடும்?

சரி, கூட்டம் போட்டுக் கேட்போம் என்றால், ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் மாத்தா பிடித்து லோரியில் ஏற்றுகிற காலம். ஆகவே ஒரு ராஜதந்திரம் செய்தேன். நின்றால்தானே குற்றம்? கம்பெனிப் பங்குக்காரர் நாற்பது பேரையும் நம் பஸ்ஸிலேயே உட்காரவைத்து, சபாக் ஊருக்கு விடச் சொல்லி, ஓடும்போதே கூட்டத்தைத் தொடங்கிவிட்டேன். உன்னைக் கண்டிக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள், ரோட்டுப் பள்ளம் வந்தபோதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஆதரித்தார்கள். சுங்கை ஆயர் தாவார் கிட்டே சோதனைச் சாவடி. நம்ம தமிழ் மாத்தா சோமு ஏறினான். "எல்லாம் இறங்குங்க லா, எவன் காட்டுக்காரனுக்கு அரிசி கடத்துறான்?" என்று கடைசி சீட்டைத் தூக்கினான். அரிசி இல்லை. சுற்றிய காகிதம்கூடப் பிரியாத இரண்டு புது டயர்! சாம்பலிலிருந்து உயிர்த்தெழுந்து பளபளவென்று உட்கார்ந்திருந்தன. நாற்பது பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாடில்டா மட்டும் கிட்டே போய் டயரைத் தடவிப் பார்த்தாள்.

"வருசா வருசம் ஒழுங்கா கணக்கு எழுதி அனுப்பியிருந்தா, இதைக் கண்டுபிடிக்க மாத்தா வந்து சீட்டைத் தூக்கணுமா தம்பி?" என்று என்னைக் கேட்டாள். சோமுவே தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உன்னை நினைத்து ரத்தம் கொதித்ததில் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

உடனே புறப்பட்டு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு. வராவிட்டால் அந்த இரண்டு டயரையும் உனக்கு மாலையாகப் போட்டு, மேளத்தோடு கோலாலம்பூர் வரை ஊர்வலம் விடுவேன். தேவமாதா உனக்கு நல்ல புத்தியும் பஸ்ஸுக்கு நல்ல பிரேக்கும் அருள்வாளாக. உன் மனைவி யூஜினியாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத தாய்மாமன்,
அம்புரோஸ்

பி.கு.: திரும்பி வரும் வழியில் உன்னை நீக்கிவிட்டு என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் கேட்டால், "முதலாளி சொந்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பானா?" என்று நாற்பது பேரும் இறங்கி நடந்துவிட்டார்கள். போக வரப் பெட்ரோல் வேறு. புதுப் பதவி வந்த சந்தோஷத்தில் அத்தனை பேருக்கும் நான் கம்பெனிக் காசில் வாங்கிக் கொடுத்த பரோட்டா வேறு. இரண்டு நாளாகப் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், இதையெல்லாம் எதில் எழுதுவது என்று விளங்கவில்லை. உன்னுடைய அந்தக் கம்யூனிஸ்ட்காரன் கணக்கில் இன்னும் ஒரு வரி இடம் இருக்குமா, மருமகனே? மாடில்டாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.