கடைசித் திருத்தம்

என் மச்சானுக்கு இனிமேல் என் அறையைக் கொடுப்பதில்லை. வானமே இடிந்து விழட்டும், கொடுப்பதில்லை என்றால் கொடுப்பதில்லை!

போன தடவை "ரெண்டே நாள்" என்று வந்த மனிதர், நாற்பது நாள் இருந்தார். என் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டார். நான் சமையலறை மேசையில் வேலை பார்த்தேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். பிழைதான் என் பிழைப்பு.

என் மனைவிக்கு எதற்கெடுத்தாலும் பைபிள் வசனம். வசனத்தை வசனத்தாலேயே மடக்குவதென்று ஒரு வாரம் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். இன்று காலை, மறுபடியும் "ரெண்டே நாள்" என்று வரப்போகிற அவளுடைய அண்ணனுக்கு அவள் என் அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு. சாராள் என்ன சொன்னாலும் கேளுன்னு ஆபிரகாமுக்குக் கடவுளே சொல்லியிருக்காரே!"

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டதுக்குத்தானே ஆதாமைத் தண்டிச்சார்? கேட்டவனுக்குத் தண்டனை, இன்னொருத்தனுக்குக் கேளுன்னு கட்டளை. நான் யார் மாதிரி இருக்கறது?"

அவள் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது மட்டுமா? சவுலை ராஜாவாக்கினதுக்குக் கடவுள் வருத்தப்பட்டார்னு இருக்கு. அதே அதிகாரத்துல, அவர் வருத்தப்படறவரே இல்லைன்னும் இருக்கு. அச்சகத்துல நான் இப்படி முரணா விட்டா அன்னிக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க!"

"என்னைக் கட்டினதுக்குக் காலையில வருத்தப்படறீங்க. சாப்பிட உக்காந்தா வருத்தமே இல்லேங்கறீங்க. நீங்க என்ன ரெண்டு ஆளா?"

"பேச்சை மாத்தாதே!"

"சரி, உங்க அச்சகத்துல ஒரே வரிக்கு ரெண்டு விதமா திருத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கடைசியா வந்த திருத்தம்தான் செல்லும்." இருபது வருஷ அனுபவம். பெருமையாகவே சொன்னேன்.

"ஆதியாகமத்துல ஆதாம் மூணாம் அதிகாரம். ஆபிரகாம் இருபத்தொண்ணு."

விடுவேனா?

"கீழ்ப்படியச் சொன்னது அதுக்கும் பின்னாடி! புதிய ஏற்பாடு!"

தலையணையை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க. நீங்க சொல்றதுதான் சரி. இனிமே உங்க உத்தரவுப்படிதான் எல்லாம்."

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினேன்.

வாசல் மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள்; நானும் பின்னாலேயே போனேன். மச்சான். இரண்டு நாளைக்கு மூன்று பெட்டி.

"அண்ணா, அங்கேயே நில்லுங்க. இவர் உத்தரவில்லாம நான் எதுவும் செய்யறதில்லை." என் பக்கம் திரும்பினாள். குரலில் அப்படியொரு பணிவு. "சொல்லுங்க. அண்ணனை உள்ள விடவா, திருப்பி அனுப்பவா?"

மச்சான் என் முகத்தையே பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வாங்க மச்சான், வாங்க! இது உங்க வீடு!" என்றது என் பாழாய்ப்போன வாய்.

"ஹால்ல படுக்கச் சொல்லவா, உங்க அறையிலயா?"

"ஹால்லயா? சேச்சே! என் அறையிலதான்."

"பெட்டியைத் தூக்குங்கண்ணா. அவர் சொல்லிட்டா எனக்கு மறுபேச்சே கிடையாது."

என் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மேசை துடைத்திருந்தது. சிவப்புப் பென்சில் சீவித் தயாராக இருந்தது.