கடல்சாமிக்கு நான் கொடுத்த தமிழ்

என் மாமனார் எங்கள் வீட்டோடு வந்து தங்கக் கூடாது. இந்தத் தீர்மானத்தை நான் ஏகமனதாக நிறைவேற்றியிருந்தேன். ஏகமனது என்றால் என் ஒரு மனது. வீட்டில் இன்னொரு மனதும் இருந்தது. அது என் மனைவி தேவகுமாரியுடையது. அதனிடம் நான் ஓட்டுக் கேட்கவில்லை.

மாமனார் சுப்பையா கெட்டவர் அல்ல. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு, பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் உழைத்தவர். அத்தை போன பிறகு தனிக்கட்டை. பாவம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாலு மணிக்கே எழுந்து என்னையும் எழுப்புவார். நான் வாங்கி வைத்த தேயிலைத் தூளை முகர்ந்து பார்த்து, இதுக்குப் பேரு தேத்தண்ணியா மாப்பிள்ளை என்று கேட்பார். ஒரு வாரம் என்றால் கேட்டுக்கொள்ளலாம். ஆயுசு முழுக்க என்றால்?

அப்பாவை அழைத்துக்கொள்ளலாம் என்ற தேவகுமாரியிடம் நேராக மறுக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. அதற்கு ஒரு சினிமா வந்து கைகொடுத்தது.

தேவகுமாரி கொடைக்கானலில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையாட்களின் குடும்பத்துக்கென்று அங்கே ஹாலில் படம் போட்டார்கள். கிரேக்க நாட்டுக் கடல்சாமிக்கும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கும் பிறந்த பையன், தான் யாரென்றே தெரியாமல் மனிதர்களுக்கு நடுவில் வளர்கிற கதை. படம் முழுக்க இங்கிலீஷ்.

நானோ ஜீப் டிரைவர். பதினைந்து வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்குத் தூண்பாறையைக் காட்டி, "திஸ் சைடு வேலி, தட் சைடு மிஸ்ட், போட்டோ ஹியர்" என்று பழகிய நாக்கு. ஆகவே எங்கள் வரிசைக்குக் கதை சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. சாமி என்ன பேசினாலும் என் வாய் வழியாகத்தான் என் மனைவிக்குப் போக வேண்டும். சாமிக்கே டிரைவர் நான். எந்த வளைவில் திருப்புவது என்பது என் இஷ்டம்.

உண்மையில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் படம் என்னவோ அற்புதம். பையன் கையை நீட்டினால் குளத்துத் தண்ணீர் எழுந்து நிற்கிறது. எங்கள் தெருக் குழாயில் கவுன்சிலர் வந்து நின்றாலும் சொட்டு வராது. வாயைப் பிளந்து பார்த்தேன். பிளந்த வாயோடு என் வேலையையும் ஆரம்பித்தேன்.

கடல்சாமி கரையோரம் நின்று கண் கலங்கியது. தேவலோகத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம், பெற்ற பிள்ளை வீட்டில் அப்பன் போய்த் தங்கக் கூடாதாம், அதுதான் மரியாதையாம் என்று விளக்கினேன்.

தேவகுமாரி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "அப்புறம் ஏங்க அந்தச் சாமி அழுவுது?"

"சந்தோசத்துல."

"பையனும் அழுவுறானே."

"அவனுக்கும் சந்தோசம்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அடுத்து இருந்த சமையல்கட்டுக் கூட்டாளி பாண்டியம்மாளும் தலையாட்டினாள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சாமியின் அண்ணன், அமைச்சர், குதிரைக்கால் கிழவர் என்று யார் வாயைத் திறந்தாலும் அப்பன்மார் அவரவர் ஊரில் இருப்பதே உத்தமம் என்று சொல்ல வைத்தேன்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. கடலே இல்லாத ஊரில் பையன் குழாயைத் திறக்கிறான். விழுகிற தண்ணீருக்குள் அப்பன் முகம். பையன் ஏதோ கேட்கிறான். சாமி தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறது. நானும் கதைக்குள் போய்விட்டேன். சொல்ல வேண்டிய பொய் மறந்துபோனது.

என்ன சொல்றாங்க என்று பாண்டியம்மாள் என்னை அரித்தாள். பதில் தேவகுமாரியிடமிருந்து வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"'ஏம்ப்பா என்னைப் பாக்க ஒரு நாளும் வரலை'ன்னு கேக்குறான். 'நீ தண்ணி குடிச்சப்பல்லாம் வந்தேனே'ங்குது சாமி."

அதற்குப் பிறகு மிச்சப் படத்தை அவள்தான் சொன்னாள். முன்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். நானும் கேட்டேன். அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் விளங்கியது.

படம் முடிந்து ஏரிக்கரை ரோட்டில் நடந்தோம். மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து இங்கிலீஷ் தெரியும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருசம் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுல பிள்ளை வளத்தேன்லங்க. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது."

பன்னிரண்டு வருஷமாக ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன்.

"இங்கிலீசு பேசுறப்ப உங்க மொகம் அப்பிடிப் பிரகாசமா இருக்கும். நானும் பேசுனா அது கொறஞ்சு போகும்ல?"

நான் நின்றுவிட்டேன். இப்படி ஒருத்தியிடமா என் ஜீப்பைத் திருப்பினேன்? படத்தில் பாதித் தெய்வம் அந்தப் பையன்தான். என் பக்கத்தில் முழுசாகவே ஒன்று கம்பளி போர்த்துக்கொண்டு நடந்து வந்தது. என் தீர்மானம் அந்த இடத்திலேயே ரத்தானது. பக்தனுக்கு வரம் கொடுக்கிற தோரணையில் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"உங்கப்பாவுக்குப் போன் போடு. இனிமே நம்மகூடவே இருக்கட்டும். நாளைக்கே வெரசா வரச் சொல்லு."

தேவகுமாரி கம்பளியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளன பஸ்ஸுலயே பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாருங்க, இப்ப நமக்கு முன்னாடி வீட்டுக்குப் போறாரு. படம் முழுக்க உங்களுக்கு நேர் பின்னாடிதான் உக்காந்திருந்தாரு."